நேந்திரம்பழம் குழையுது, தேங்காய்ப்பால் திரியுது
தேவகோட்டை அக்கா, வெல்லப்பாகுல வேகவச்ச நேந்திரம்பழம் கூழாகுது, தேங்காய்ப்பாலும் திரிஞ்சுபோகுதுன்னு கேட்டிருந்தீங்க. தோல் முழுக்கக் கறுத்த பழம் இதுக்கு ஆகாது. அழுத்தினா லேசா அமுங்குற மஞ்சப் பழம் வேணும். விரல் கனத்துக்கு நறுக்கி, முதல்ல நெய்ல ரெண்டு பக்கமும் சிவக்க வதக்குங்க. மேல்பக்கம் இறுகினப்புறம்தான் வெல்லம். 2 பழத்துக்கு 50 கிராம், அரை டம்ளர் தண்ணியில கரைச்சு வடிகட்டி ஊத்தி, சின்னத் தீயில 4 நிமிஷம். கரண்டி போட்டுக் கிளறாதீங்க, சட்டியை லேசாச் சுழற்றினா போதும். அடுப்பை அணைச்சு, கொதி அடங்கினதும் கெட்டியான முதல் பாலை ஊத்துங்க. கொதிக்கும்போது ஊத்தினாத்தான் எண்ணெய் தனியாப் பிரியுது. ஏலக்காய் ஒரு சிட்டிகை. சுக்கும் சிலர் போடுவாங்க, எனக்கு அது பிடிக்காது. வேகவச்ச கவுனி அரிசி மிச்சம் இருந்தா அதுமேல சூடா ஊத்திச் சாப்பிடுங்க.