ஜப்பானிலிருந்து ‘இறக்கிய’ பம்பி

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பில் நீர்ப்பம்பிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தமிழ்மொழி மூலம் படித்தவள். தென்கரையில் விடுதி நடத்தும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் நீச்சல் தடாகத்துக்குப் புதிய பம்பி கேட்டிருந்தார். ‘வீ வில் கெட் டவுன் த பம்ப் ஃப்ரொம் ஜப்பான்’, மூன்று கிழமையில் கிடைக்கும் என்று எழுதினேன். ‘என் பம்பி தரையில்தான் இருக்கிறது, எதைக் கீழே இறக்கப் போகிறீர்கள்?’ என்று பதில் வந்தது. முகாமையாளர் எல்லோர் முன்னிலையிலும் அதை வாசித்துச் சிரித்தார். இனிமேல் ‘இம்போர்ட்’ என்று மட்டும் எழுதச் சொன்னார். நான் எழுதியது பிழையா? வேறு எந்தச் சொற்களைப் போடலாம்? நம்முடைய ‘இறக்குமதி’யிலிருந்துதான் இந்தக் ‘கெட் டவுன்’ வந்ததா? பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ செய்வதும் பிழை என்கிறார்களே?

சு., வெள்ளவத்தை

அன்புள்ள சு.,

நீங்கள் எழுதிய வசனத்தில் பிழை இல்லை. அது போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் பொருந்தவில்லை. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்பவருக்கோ கண்டியில் உள்ள ஒரு கந்தோருக்கோ அதே மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் மறுபேச்சு வந்திருக்காது. வெளியிடத்திலிருந்து ஒரு பொருளையோ ஆளையோ வரவழைப்பதற்கு ‘கெட் டவுன்’ என்பது இந்தத் தீவின் ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. மைக்கல் மெய்லர் 2007 இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதியிலும் அது இருக்கிறது. முகாமையாளர் அடுத்த தடவை சிரித்தால், அவர் வாயிலிருந்து அதே சொல் வரும்வரை பொறுத்திருங்கள். அதிக நேரம் எடுக்காது.

‘இறக்குமதி’ பற்றிய உங்கள் ஊகம் அழகானது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. கப்பலிலிருந்து இறக்குவதுதான் மூலம் என்றால் அது சரக்கோடு நின்றிருக்க வேண்டும். நாமோ மனிதர்களையும் ‘கெட் டவுன்’ செய்கிறோம். பிள்ளை கண்ணாடி உடைத்தால் அதிபர் பெற்றோரை ‘கெட் டவுன்’ செய்கிறார். சிக்கலான சத்திரசிகிச்சைக்கு இந்தியாவிலிருந்து நிபுணரை ‘கெட் டவுன்’ செய்கிறார்கள். இவர்களை யாரும் பாரந்தூக்கி வைத்து இறக்குவதில்லை.

பஞ்சிகாவத்தைக் கடையொன்றின் முன்னால் சற்று நின்று பாருங்கள். எண்ணெய் படிந்த ஒரு பாகத்தைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து ஒருவர் மேசையில் வைப்பார். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, பொறித்திருக்கும் இலக்கத்தைத் துடைத்து வாசித்து, ‘இது கையிருப்பில் இல்லை, எடுப்பித்துத் தருகிறேன்’ என்பார். பக்கத்துக் கடையில் அதையே சிங்களத்தில் ‘கென்வனவா’ என்பார்கள். எடுப்பித்தல், தருவித்தல், வரவழைத்தல் எல்லாம் பிறவினைகள். நான் கொண்டுவரவில்லை, இன்னொருவரைக் கொண்டு வரச் செய்கிறேன் என்ற முழுச் செய்தியும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. சிங்களச் சொல்லும் அப்படியே. பொருளுக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டுத் 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தைச் சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையிலான இணைப்பு மொழி என்று சட்டத்தில் எழுதியது. கந்தோர்களில் அது அதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. இருபுறத்தாருக்கும் தேவைப்பட்ட ஒரு பிறவினையை ‘கெட் டவுன்’ சுமக்கிறது என்பதே என் எண்ணம்.

இங்கிலாந்துக்காரர் காதில் அது வேறாகத்தான் விழும். ‘கெட் டவுன் த புக்ஸ்’ என்றால் அவர் கண்முன் உயரமான அலுமாரி வரும். அதிபர் பெற்றோரை ‘கெட் டவுன்’ செய்தார் என்றால், அவர்களை மனமுடையச் செய்தார் என்று நினைப்பார். சில அதிபர்கள் விடயத்தில் அதுவும் தவறில்லை.

இனி மாற்றுச் சொற்கள். ‘இம்போர்ட்’ என்று மட்டும் எழுதச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அது சுங்கப் படிவத்தின் சொல். ‘இந்தப் பம்பிகளை நாங்கள் ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்கிறோம்’ என்று உங்கள் வியாபாரத்தைப் பற்றிச் சொல்ல நன்றாக இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் ஒற்றைப் பம்பிக்கு அது விறைப்பு. ‘ஆர்டர்’ எளிமையானது, ஆனால் கேட்டு எழுதியதோடு அதன் வேலை முடிந்துவிடும். பொருள் வந்து சேரும் என்ற உறுதியை அது தராது. இங்கிலாந்தில் ஒரு கடைக்காரர் இந்த இடத்தில் இயல்பாகச் சொல்வது ‘கெட் இன்’: ‘வீ கேன் கெட் இட் இன் ஃபோர் யூ’. நம் ‘எடுப்பித்துத் தருகிறேன்’ என்பதற்கு இதைவிட நெருக்கமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. சற்று அலுவலகத் தோரணை வேண்டுமானால் ‘வீ ஆர் ஹேவிங் இட் ஷிப்ட் ஃப்ரொம் ஜப்பான்’. ‘ஹேவ்’ போட்டு, பொருளை நடுவில் வைத்து, வினையை இறந்தகால எச்சமாக முடிப்பது. ஆங்கிலம் பிறவினையைக் கட்டும் வழிகளில் ஒன்று இது.

ஆட்களுக்கு இவை பொருந்தாது. நிபுணரை ‘கோல் இன்’ அல்லது ‘பிரிங் இன்’ செய்யலாம், விமானத்தில் வருகிறார் என்றால் ‘ஃப்ளை இன்’. பெற்றோருக்கும் ‘கோல் இன்’ போதும். ‘சமன்’ வேண்டாம், அதில் நீதிமன்ற அழைப்பாணையின் வாடை வீசும். ‘சென்ட் ஃபோர்’ சரியானதுதான், கொஞ்சம் பழைய வீட்டு எசமான் தொனி.

பஸ் விடயத்துக்கு வருகிறேன். புறக்கோட்டையிலிருந்து பாணந்துறைக்குப் போகும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் நடத்துநர் சிங்களத்தில் ‘பஹின்ன’, அதாவது இறங்குங்கள், என்று குரல் கொடுத்தால் நாமும் இறங்குகிறோம். மரத்திலிருந்தும் இறங்குகிறோம், காரிலிருந்தும் இறங்குகிறோம். தமிழுக்கு ஒரு சொல் போதும். இங்கிலாந்தில் இதை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பஸ், ரயில், விமானம், சைக்கிள், குதிரை என்றால் ‘கெட் ஒஃப்’. கார், முச்சக்கர வண்டி என்றால் ‘கெட் அவுட் ஒஃப்’. மரம், ஏணி, மதில் என்றால்தான் ‘கெட் டவுன்’. சாப்பிட்டு முடித்த சிறுபிள்ளை மேசையை விட்டு எழும்ப அனுமதி கேட்பதும் ‘மே ஐ கெட் டவுன்?’ என்றுதான். லண்டன் போக்குவரத்து அறிவிப்புகளில் வரும் ‘அலைட்’ அறிவிப்புக்கு மட்டுமே. ‘ஐ அலைட்டட் அட் பம்பலப்பிட்டி’ என்று நண்பருக்கு எழுதினால் அவர் சிரிப்பார். இந்தியாவிலும் பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’தான் செய்கிறார்கள் என்பதால் இதில் நீங்கள் தனியாக இல்லை.

இன்னும் இரண்டு பாவனைகள் உங்கள் மேசைக்கு உதவும். ஒரு வேலையில் முனைந்து இறங்குவது ‘கெட் டவுன் டு’. அதன் பின்னால் ‘டு ரைட்’ வராது, ‘டு ரைட்டிங்’ என்று வரவேண்டும்; இந்தத் தவறைப் பட்டதாரிகளின் விண்ணப்பங்களிலும் பார்க்கிறேன். ஒருவர் சொல்வதை உடனே குறித்துக்கொள்வதும் ‘கெட் டவுன்’. அங்கே ‘இட்’ நடுவில்தான் நிற்கும்: ‘கெட் இட் டவுன்’.

விடுதிக்காரருக்கு ‘வீ வில் கெட் த பம்ப் இன் ஃப்ரொம் ஜப்பான்’ என்று திருத்தி எழுதுங்கள். உள்ளூர்க் கடிதங்களில் உங்கள் பழைய வசனத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மூன்று கிழமை என்றது கப்பல் வரும்வரையா, சுங்கத்திலிருந்து பெட்டி வெளியே வரும்வரையா? அதைத் தெளிவாக எழுதாவிட்டால், எந்த வினை போட்டாலும் அவருடைய அடுத்த மின்னஞ்சல் கோபமாகத்தான் வரும்.