சிவப்புப் புள்ளி ஓரிடம், லேசர் சுட்ட தடம் வேறிடம்

உங்கள் கார்பன்-டை-ஆக்சைடு மருத்துவ லேசரில் குறிகாட்டும் சிவப்புப் புள்ளி ஓரிடத்திலும் சுட்ட தடம் வேறிடத்திலும் விழுகிறது, பவரைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். கூட்டிப் பயனில்லை. சிவப்புப் புள்ளிக்கும் சுட்ட தடத்துக்கும் 2 மி.மீ. விலகல் என்றால் குறிகாட்டும் சிவப்புக் கதிரும் சுடும் லேசர் கதிரும் ஒரே பாதையில் வரவில்லை. சரிசெய்யும்வரை நோயாளிமேல் பயன்படுத்தவே வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேனில் கொண்டுபோய் வந்த பிறகுதான் இப்படி என்கிறீர்கள். குலுங்கியதில், கதிர்களைச் சேர்க்கும் கண்ணாடி அசைந்திருக்கலாம். இல்லையென்றால் கைப்பிடி லென்ஸ் சாய்ந்திருக்கலாம்.

எதுவென்று பார்க்க, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நனைத்த மரக்குச்சியில் குறைந்த பவரில் ஒரு சுடு. அப்புறம் கைப்பிடியை மட்டும் கால் சுற்று திருப்பி இன்னொன்று. தடம் சிவப்பைச் சுற்றி நகர்ந்தால் லென்ஸ். அதே பக்கம் நின்றால் கோளாறு, கதிரைக் கைப்பிடிக்குக் கொண்டுவரும் மடக்குக் கைக்கு முன்னால், கருவிக்கு உள்ளே. அதை சர்வீஸ் பொறியாளர்தான் தொட வேண்டும்.

ஒன்று: சிவப்பு கூர்மையாகத் தெரியும் தூரத்தை ஃபோகஸ் என்று நம்பாதீர்கள். கார்பன்-டை-ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். கைப்பிடியில் உள்ள துத்தநாக செலினைடு லென்ஸ் சிவப்பை அதைவிடக் கூடுதலாக வளைப்பதால், சிவப்பு சற்று முன்பே குவியும். தூரத்தை முனைக்கம்பியால் (கைப்பிடி நுனியில் தூரம் காட்டும் கம்பி) அளப்பதே சரி.

பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் லென்ஸில் படலம் படியும், அது சூடேறி லென்ஸையே கெடுக்கும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த லென்ஸை வெறுங்கையால் எடுக்கவும் வேண்டாம், அதன் தூள் நச்சு.