பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. பூஸ்டர் போய்விட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பூஸ்டர் என்பது நாம் பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம். சோதிக்க ஐந்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். பூஸ்டரை மாற்றச் சொல்லி யாராவது விலை சொல்லியிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

என் டீசல் காரில் இது போன வருடம் வந்தது. மதுரை ஏ.வி. பாலத்தில் இருந்து கோரிப்பாளையம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தால் பெடல் இறங்கவே இல்லை, செங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, இருந்த பலத்தை எல்லாம் காலில் இறக்கிய பிறகுதான் வண்டி நின்றது. ஆட்டோவுக்கும் எனக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். பின்சீட்டில் அம்மா. வீட்டுக்கு வந்த பிறகும் வலது கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் காட்டிய இடத்தில் பானட்டைத் திறந்து பார்த்ததுமே, பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை சக்கரங்களுக்கு அழுத்தித் தள்ளும் பாகம்) இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. தெப்பக்குளம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, அந்த அண்ணனிடம் போனேன். அவர் செய்து காட்டியதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் ஆஃப். பெடலை ஐந்தாறு தடவை நன்றாக மிதியுங்கள். போகப் போகக் கெட்டியாகும். கெட்டியானதும் காலை எடுக்காமல் அதே அழுத்தத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் உங்கள் காலுக்குக் கீழே தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) வருகிறது, அதுவும் வேலை செய்கிறது. அசையாமல் அப்படியே நின்றால், உதவி கிடைக்கவில்லை.

அடுத்தது, வேக்குவம் தங்குகிறதா என்பது. எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இப்போது நிதானமாக மிதித்தால் முதல் மிதி ஆழமாகப் போகும், இரண்டாவது அதைவிட மேலே நிற்கும், மூன்றாவது இன்னும் மேலே. முதல் மிதியே கெட்டி என்றால் எங்கேயோ காற்று புகுகிறது.

இது ஏன் என்று புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பூஸ்டர் என்பது ஒரு தகர டப்பா, நடுவில் ரப்பர் திரை. திரையின் முன்பக்கம் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். நீங்கள் மிதிக்கும்போது பின்பக்கம் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். 9 அங்குல வட்டத் திரை என்றால் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 0.65 கிலோ அழுத்தினால்கூட, மொத்தம் 260 கிலோவுக்கு மேல். இத்தனை பலத்தை நம் காலுக்குப் பதிலாகக் காற்று கொடுக்கிறது. அது இல்லாமல் போனால் பிரேக் போய்விடாது. ஆனால் அத்தனையையும் நம் கால்தான் தர வேண்டும்.

அந்த உறிஞ்சும் வேலையைப் பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டே செய்யும். டீசலில் அதற்குத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் உண்டு. சில பழைய வண்டிகளில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே ஒட்டியிருக்கும். அதனால் பெட்ரோல் காரில் பிரேக்கை மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் விடாமல் வந்து, கூடவே ஐடிலிங்கும் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தடுமாறினால் திரை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். டீசலில் ஐடிலிங் மாறாது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் வண்டி இரண்டு சோதனையிலும் தோற்றது. அப்போதும் அந்த அண்ணன் பூஸ்டரைத் தொடவில்லை. பம்பில் இருந்து பூஸ்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, கிளிப் இருந்த இடத்தில் விரலால் வளைத்தார். மேலே பார்த்தால் நல்ல குழாய். வளைத்ததும் அடிப்பக்கம் நகத்தளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. எஞ்சின் சூட்டில் ரப்பர் காய்ந்து, தேங்காய் ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது. “தம்பி, டப்பா நல்லாத்தான் இருக்கு. இழுக்குற காத்து பூரா இந்த ஓட்டை வழியாப் போகுது” என்றார். குழாயும் கூலியும் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஆகவே குழாயைப் பாருங்கள் (எலி கடித்த தடமும் இருக்கலாம்). அப்புறம் பூஸ்டரில் செருகியிருக்கும் ஒருவழி வால்வு. அதைக் கழற்றி பூஸ்டர் பக்கம் வாய் வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கம் ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் வால்வு காலி. அதன்பிறகு பம்ப். இவை மூன்றும் நன்றாக இருந்தும் பெடல் முதல் சோதனையில் இறங்கவில்லை என்றால், சரி, பூஸ்டரை மாற்றுங்கள். சோதனை எல்லாம் பாஸ் ஆகியும் பெடல் கெட்டி என்றால், சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருக்கிறதா, அதில் உரசும் பேட் பளபளத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் கார்களில் அமைப்பே வேறு, அங்கே இந்தச் சோதனைகளை நம்ப வேண்டாம்.

பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்து, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள்ளேயே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் பட்டுப்பட்டுத் திரை கெட்டுவிடும். இந்த ஒரு நிலைமையில் இரண்டையும் மாற்றச் சொல்வது நியாயம்தான்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அணைத்த பிறகு பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். ஓட்டும்போது பெடல் கல்லானால் விட்டுவிட்டு மிதிக்கவும் கூடாது, ஒவ்வொரு மிதியும் மிச்சம் இருக்கும் வேக்குவத்தையும் தின்றுவிடும். ஒரே மிதியாக முழு பலத்தோடு அழுத்திப் பிடித்து, கியரைக் குறையுங்கள். பெடல் மெத்தென்று உள்ளே போனால்தான் விட்டுவிட்டு மிதிக்க வேண்டும். அது வேறு கோளாறு.

உங்கள் பெடல் இப்போதும் கல்லாகவே இருந்தால், பட்டறைக்கு நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.