சேவைக்குப் போனால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி தவறி ஒரு வருடம் ஆகிறது. மகன் வெளியூரில். பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. தினமும் ஒன்று சாப்பிடுகிறேன். பகலில் பொழுது போவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உதவும் குழுவில் இருக்கும் நண்பர் என்னையும் கூப்பிடுகிறார். அடுத்தவருக்கு உதவினால் பிரஷர் குறையும், ஆயுள் கூடும் என்கிறார். உண்மையா? அப்படியானால் மாத்திரையை விட்டுவிடலாமா? ரத்த தானமும் செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள் ஐயா. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டியவர்களை நான்கு வருடம் கவனித்து, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருடத்துக்கு 200 மணி நேரத்துக்கு மேல் தொண்டு செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. வாரக் கணக்கில் பார்த்தால் சுமார் நான்கு மணி நேரம். இரண்டு காலை வேளைகள் போதும். ஆனால் அவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் பிரஷர் இல்லாதவர்கள். வராமல் தள்ளிப்போடுவது வேறு, வந்ததைக் கட்டுக்குள் வைப்பது வேறு. நீங்கள் இரண்டாவது ரகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடமாட்டம் நன்றாக இருப்பவர்தானே தொண்டுக்குக் கிளம்புகிறார்? தொண்டால் ஆரோக்கியமா, ஆரோக்கியத்தால் தொண்டா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கனடாவில் இதைச் சற்று நேர்மையாகச் சோதித்தார்கள். 106 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் வாராவாரம் சின்னப் பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தால், போனவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் உடலின் அழற்சியைக் காட்டும் ஓர் அளவும் குறைவாக இருந்தன. பதின்வயதுப் பிள்ளைகளின் முடிவை அப்படியே 62 வயதுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் இதை வெறும் பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை.

தொண்டு உடம்புக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு ஓபி (வெளிநோயாளிப் பிரிவு) வாசலைப் பார்த்தாலே போதும். கிராமத்திலிருந்து வந்த பாட்டி ஒருத்தி மாத்திரைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதில் 1-0-1 என்று எழுதியிருக்கும். அவருக்கு அது புரியாது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மத்தியானம் வேண்டாம், சாப்பிட்ட பிறகு" என்று ஒருவர் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்து, ரத்தப் பரிசோதனை அறை வரைக்கும் கூட்டிப்போக வேண்டும். அதைச் செய்பவர் காலையில் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். மாடிப்படி ஏறி இறங்குகிறார், பத்துப் பேரிடம் பேசுகிறார், அறை எண்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை வரவில்லை என்றால் "ஏன் சார் வரல?" என்று கேட்க ஆள் இருக்கிறது. தனியாக இருப்பவருக்கு நான் மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாதது இந்தக் கேள்வியைத்தான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து முதியவர்களிடம் எதற்காகத் தொண்டு செய்கிறீர்கள் என்று கேட்டு வைத்து, நான்கு வருடம் கழித்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்காகச் செய்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தனக்கு நல்லது என்று செய்தவர்களுக்கும் எதுவும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆகவே என் பதிலைப் படித்துவிட்டு ஆயுள் கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்! உங்களுக்கு ஒத்துவரும் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாடை மனைவியின் கடைசி நாட்களை நினைவுபடுத்தினால், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்கலாம். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரலாம். பிடிக்காமல், ஓய்வும் இல்லாமல் செய்தால் உடம்பு கெடும். வீட்டில் நோயாளியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர்களிடம் அதைத் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு அதிகம் உறுத்துவது உங்கள் மூன்று மணி விழிப்பு. துணையை இழந்தவருக்குத் தூக்கம் கெடுவது சகஜம். ஆனால் அதோடு பசியின்மை, எதிலும் நாட்டமில்லாமை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தொண்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ரத்த தானம்: இதற்கு முன் கொடுத்ததில்லை என்றால் இப்போது வேண்டாம். நம் நாட்டு விதிப்படி முதல் முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஏற்கனவே கொடுத்து வந்தவர் என்றால் 65 வரை தகுதி உண்டு. பிரஷரையும் மாத்திரையையும் ரத்த வங்கி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் முடிவு செய்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மாத்திரையைப் போட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். முகக்கவசம் அணியுங்கள், வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவை அவர் பார்த்துச் சொல்வார்.