வாக்குப் போடுவதில் ஆராய என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் பேராதனையில் சமூகவியல் முடித்துவிட்டாள். அரசியலில் பெண்கள் பற்றி மேலே ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆகப்போகிறாளாம். ஆசிரியர் நியமனம் கிடைத்தால் போதாதா, வயதும் போகிறதே? பெண்கள் வாக்குப் போடுவதில் ஆராய என்ன இருக்கிறது?
ஒரு தந்தை, பொகவந்தலாவை

பதில்: ஐயா, உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ (தோட்டத்து வரிசை வீட்டிலோ) தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மாதாமாதம் தொழிற்சங்கச் சந்தா பிடித்திருப்பார்கள். தோட்டத்தின் சங்கத் தலைவரைத் தெரிவுசெய்தபோது அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று விசாரியுங்கள். ஆராய என்ன இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

1931 இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அந்தக் காலத்திலேயே தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1947 இல் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் போன ஏழு பேரும் ஆண்கள். அடுத்த இரண்டு வருடத்துக்குள் குடியுரிமையும் வாக்கும் மலையகத் தமிழரான நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இல்லாமல் போனது, அது வேறு கதை. ஆனால் அவை திரும்பக் கிடைத்த பிறகும் நம் பெண்ணொருத்தி தெரிவாகி அங்கே போக 2024 நவம்பர் வரை காத்திருந்தோமே, பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, 1947 இலிருந்து எண்ணினால் 77 வருடம்! ஏன் இத்தனை காலம்? உங்களிடமும் என்னிடமும் இருப்பது ஊகம்தான். அதை ஆளாளிடம் கேட்டு, பதிவுகளைப் புரட்டிச் சரிபார்ப்பதுதான் உங்கள் மகள் செய்ய நினைக்கிற வேலை.

இன்னொன்று. உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை நாடு முழுவதும் இரண்டு வீதம் தேறுவதே பெரும்பாடு. வந்த பெண்களில் அதிகமானோர் வட்டாரத்தில் போட்டியிட்டு வென்றவர்கள் அல்ல, கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். அதற்குப் பிறகு நான் போன ஒரு கூட்டத்தில் மேடையில் ஆண்கள், கீழே உறுப்பினர் அம்மா குங்குமத் தட்டோடு நிற்கிறார், அவரும் மக்கள் பிரதிநிதிதான். சபையில் அவர் எத்தனை முறை பேசினார், பாதையும் தண்ணீரும் கேட்டபோது என்ன நடந்தது என்று யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் லயத்துக்குப் போனால் தலைவர்தான் முன்னால் வந்து பதில் சொல்வார். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், நிறுவைக்குக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பெண்கள் வாய்திறந்து பேசுவார்கள் என்பது உங்கள் மகளுக்குத் தெரியும், அதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராது.

பாதை நீளம்தான், மறைக்கவில்லை. தற்காலிக விரிவுரையாளர் வேலை, முதுமாணி, கலாநிதி, சிரேஷ்ட விரிவுரையாளர், அப்புறம்தான் பேராசிரியர், பத்துப் பதினைந்து வருடம் சாதாரணமாகப் போகும். இன்றைய பிரதமர் ஹரிணி அமரசூரியவும் டில்லியில் சமூகவியல் படித்து, திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர்தான். ஆசிரியர் நியமனம் வந்தால் மகள் எடுக்கட்டும், சரி, கூடவே முதுமாணிக்கும் பதியட்டும். வயது போகிறது என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து அவள் காதில் போடாதீர்கள். மகன் என்றால் இதை எழுதியிருப்பீர்களா ஐயா?