சென்னை–சிங்கப்பூர்: போக 6.45 மணி நேரம், வர 1.40 மணி நேரம்?

டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்தால் போக 6 மணி 45 நிமிடம், வர 1 மணி 40 நிமிடம்தான் வருகிறதே, டிக்கெட்டில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு பக்கமும் சுமார் நாலேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் தப்பில்லை.

புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் சொன்ன இரவு 11.00 – காலை 5.45 விமானத்தில் அந்த இரண்டரையைக் கழியுங்கள்: 4 மணி 15 நிமிடம். திரும்பி வருவது 8.00 – 9.40, அதில் இரண்டரையைக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். சரியாக வருகிறதா?

அப்புறம், 2,900 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம்தானே என்கிறீர்கள். அது உச்சியில் பறக்கும் வேகம் மட்டும். டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் இங்கே வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாயிலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, தரையிறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். காற்றாலும் சில நிமிடம் கூடும், குறையும்.

இந்தக் கணக்கு போட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வந்தால், நடுவில் கொழும்பு, கோலாலம்பூர் மாதிரி எங்காவது மாற வேண்டிய டிக்கெட்டாக இருக்கும். பயண விவரத்தை விரித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் அழைக்க வருபவரிடம் தேதியைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். நீங்கள் இறங்குவது மறுநாள் காலை.