கூண்டில் ஏறிய ஹப்ரே: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பற்றி நீங்கள் நம்பிக்கையோடு எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, மன்னிக்கவும். 2024 செப்டம்பரில் புதின் மங்கோலியா போனார். அது அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு, பிடியாணையும் நிலுவையில் இருந்தது. அணிவகுப்பு மரியாதை கொடுத்து வரவேற்றார்கள். 2025 ஏப்ரலில் நெதன்யாகு புடாபெஸ்ட் போனார். அவரைக் கைது செய்திருக்க வேண்டிய ஹங்கேரி, நீதிமன்றத்தை விட்டே விலகப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவோ தலைமை வழக்கறிஞர் மேலேயே தடை விதித்துவிட்டது. அங்கே இதுவரை தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொய் நம்பிக்கை ஊட்டுவதைவிட, ‘நடந்தது நடந்துவிட்டது, இனிப் பிழைப்பைப் பாருங்கள்’ என்று சொல்வதுதானே நேர்மை?

எம்., திருச்சி

*

அன்புள்ள எம்.,

நீங்கள் அடுக்கிய எதையும் மறுக்கப்போவதில்லை. வேண்டுமானால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அந்த நீதிமன்றத்தில் சேரவில்லை. ஆனால் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டால் எந்த விசாரணையையும் 12 மாதம் நிறுத்திவைக்கலாம். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். தான் உட்காராத பந்தியில் யார் இலைக்கு எதைப் பரிமாறக்கூடாது என்று சொல்லும் உரிமை!

என் தகராறு உங்கள் கடைசி வரியோடுதான். வல்லரசுகளின் கணக்கு ஒருநாளும் மாறாது என்று நினைத்துக்கொண்டு அதை எழுதியிருக்கிறீர்கள். அது மாறும். ஆட்சி மாறும், கூட்டு மாறும், நேற்றுவரை ஒருவரைப் பொத்திப் பாதுகாத்த நாட்டுக்கு அவர் திடீரென்று சுமையாகிவிடுவார். அன்றைக்கு வழக்கு தயாராக இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, ஹிஸ்ஸேன் ஹப்ரேயின் கதையைக் கேளுங்கள்.

1982 முதல் 1990 வரை ஹப்ரே சாட் நாட்டின் அதிபர். பக்கத்து நாடான லிபியாவில் கடாஃபி. அவரை அடக்க ஒரு ஆள் வேண்டும் என்று அமெரிக்காவும் பிரான்சும் ஹப்ரேக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தன. 1987 ஜூனில் ரீகன் அவரை வெள்ளை மாளிகைக்கே அழைத்து உபசரித்தார். அதே காலத்தில் தலைநகர் என்ஜமெனாவில், பிரெஞ்சு ராணுவக் குடும்பங்கள் குளிப்பதற்காகக் காலனிக் காலத்தில் கட்டிய நீச்சல் குளத்துக்கு மேல் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே பத்து அறைகளாகத் தடுத்து, அதில் கைதிகளை அடைத்துவைத்திருந்தார்கள். நடத்தியது ஹப்ரேயின் அரசியல் காவல்துறையான டி.டி.எஸ். அவருடைய ஆட்சியில் சுமார் 40,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 1992இல் சாட் அரசின் விசாரணை ஆணையம் மதிப்பிட்டது.

அந்தச் சிறைகளில் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தவர் சுலேமான் கெங்கெங். சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்காளராக இருந்தவர். கட்சி, கிளர்ச்சி எதிலும் இல்லை. கூடக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உயிரோடு வெளியே போனால் இதற்கு நீதி கேட்பேன் என்று கடவுளிடம் சத்தியம் செய்துகொண்டார். 1990 டிசம்பரில் ஹப்ரேயின் முன்னாள் படைத்தளபதி இத்ரிஸ் தெபி ஆட்சியைப் பிடிக்க, ஹப்ரே கஜானாவை வழித்தெடுத்துக்கொண்டு செனகலுக்கு ஓடினார். சிறைக்கதவுகள் திறந்தன. கெங்கெங் ஊரெல்லாம் அலைந்து, தப்பிப் பிழைத்தவர்களிடமும் விதவைகளிடமும் உட்கார்ந்து, படிவம் போட்டு வாக்குமூலம் எழுதி வாங்கினார். மொத்தம் 792. ஒரு கணக்காளர்தான் இப்படிச் செய்வார் என்று எனக்குத் தோன்றும். பிறகு மிரட்டல் வர ஆரம்பித்தது. கட்டுகளைத் தன் வீட்டிலேயே ஒளித்துவைத்தார். வருஷக்கணக்காக அவை அங்கேயே கிடந்தன.

1998இல் லண்டனில் பினோசே கைதானதும் சாட் வழக்கறிஞர்களுக்குப் பொறி தட்டியது. சிலி சர்வாதிகாரியை ஐரோப்பாவில் பிடிக்க முடியும் என்றால், சாட் சர்வாதிகாரியைச் செனகல் தலைநகர் டாக்கரில் ஏன் பிடிக்கக்கூடாது? ஒளித்துவைத்த வாக்குமூலங்கள் வெளியே வந்தன. 2000 ஜனவரியில் செனகலில் புகார் பதிவானது, பிப்ரவரியில் ஹப்ரே மேல் குற்றச்சாட்டும் பதிவானது. மார்ச்சில் அங்கே ஆட்சி மாறியது. விசாரணை நீதிபதி மாற்றப்பட்டார். வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நீங்கள் சொன்ன வாய்க்கால்தான் இதுவும்.

ஆனால் அதே வருஷம் மே மாதம், வழக்கில் உதவிய மனித உரிமை வழக்கறிஞர் ரீட் பிராடியும் அவருடைய சகாவும், கைவிடப்பட்டுக் கிடந்த டி.டி.எஸ். தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். தரையெல்லாம் காகிதம். கைதிகளின் தினசரிப் பட்டியல், விசாரணை அறிக்கை, இறப்புக் குறிப்பு. பத்து வருஷமாக யாரும் எரிக்கக்கூட மெனக்கெடவில்லை. அவற்றை ஆராய்ந்ததில் காவலில் இறந்த 1,208 பேரின் பெயர் கிடைத்தது. அதைவிட முக்கியமானது வேறொன்று. 898 கைதிகளின் நிலை குறித்து டி.டி.எஸ். நேரடியாக ஹப்ரேக்கே 1,265 தகவல்கள் அனுப்பியிருந்தது. இந்த மாதிரி வழக்குகள் எல்லாம் வந்து முட்டி நிற்பது, ‘கீழே இருப்பவர்கள் செய்தது, எனக்குத் தெரியாது’ என்ற வாதத்தில்தான். சொந்த அலுவலகக் காகிதமே அதை உடைத்துவிட்டது.

இடையில் வழக்கு பெல்ஜியம் போயிருந்தது. எங்கே நடந்த போர்க்குற்றமாக இருந்தாலும் விசாரிக்கலாம் என்று அங்கே 1993 முதல் ஒரு சட்டம் இருந்தது. அதை வைத்து அமெரிக்கத் தலைவர்கள் மேலும் புகார்கள் குவிய, 2003 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்ட் பிரஸ்ஸல்ஸில் வைத்தே சொன்னார்: இப்படியே போனால் நேட்டோவின் புதிய தலைமையகத்துக்குப் பணம் தரமாட்டோம். ஆகஸ்டில் சட்டம் போய்விட்டது. ஹப்ரே வழக்கு தப்பியது. புகார் கொடுத்தவர்களில் சாட்டிலிருந்து போய் பெல்ஜியக் குடியுரிமை பெற்றவர்கள் இருந்தார்கள், விசாரணையும் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. ஒரு வல்லரசு மிரட்டிச் சட்டத்தையே எடுக்கவைத்த இடத்தில், தாளும் தேதியும் சரியாக இருந்த ஒரு வழக்கு பிழைத்துக்கொண்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியம் கேட்டும் செனகல் ஹப்ரேயை ஒப்படைக்கவில்லை. 2012இல் செனகலில் மாக்கி சால் அதிபரானார். விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்று அதே ஆண்டு ஜூலையில், நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் செனகலுக்குத் தீர்ப்பளித்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து டாக்கரில் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. அதற்கு நிதி கொடுத்தவர்களில் அமெரிக்காவும் பிரான்சும் உண்டு, கடாஃபியும் போய்ச் சேர்ந்திருந்தார் அல்லவா! 2016 மே 30 அன்று ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை. தலைமை நீதிபதி புர்கினா பாசோக்காரர். பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய ஜாக்லின் முதேய்னா சாட் நாட்டவர், 2001இல் ஒரு ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் வீசிய குண்டில் காலில் காயம்பட்டவர். ஆப்பிரிக்கர்களை வெள்ளைக்காரர்கள் தண்டிக்கிறார்கள் என்ற பேச்சு டாக்கரில் எடுபடவில்லை.

இது முழு நீதி என்று சொல்ல வரவில்லை. 1984இல் தெற்கு சாட்டில் படுகொலைகள் நடந்தபோது படைத்தளபதி இதே தெபிதான். அவர் 2021இல் சாகும்வரை அதிபராகவே இருந்தார். ஹப்ரேக்கு ஆயுதம் கொடுத்த வாஷிங்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. அந்த இடத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் விதித்த இழப்பீடு சுமார் 8,200 கோடி சிஎஃப்ஏ ஃபிராங்க். 2021 ஆகஸ்டில் கோவிட் வந்து ஹப்ரே இறந்தபோது அதில் ஒரு காசுகூடப் பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போயிருக்கவில்லை.

‘பிழைப்பைப் பாருங்கள்’ என்ற யோசனைக்கு வருகிறேன். ஹப்ரே ஓடியபிறகும் டி.டி.எஸ். அதிகாரிகள் பலர் தெபி ஆட்சியில் பதவியோடு நடமாடினார்கள். கெங்கெங் காகிதங்களை ஒளித்ததே அதனால்தான். பழையதைக் கிளறவேண்டாம் என்பதில் அவர்களைவிட அக்கறை உள்ளவர்கள் யார்? டாக்கர் விசாரணை தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பு, 2015 மார்ச்சில், என்ஜமெனா நீதிமன்றம் அவர்களில் 20 பேரைத் தண்டித்தது. ஏழு பேருக்கு ஆயுள்.